மூட்டில் ஒரு நடவு

உழவர் நாற்றங்காலில் விதை தெளிக்கின்றனர். முளைத்து வளர்ந்த நாற்றைப் பறித்து, பண்படுத்திய வயலில் நடுகின்றனர். மருத்துவ அறிவியலும் இன்று அதுபோன்றதொரு நடவைச் செய்கிறது. அங்கு விதையாவது உடலின் உயிரணு, நாற்றங்காலாவது ஆய்வகம், வயலாவது பழுதுற்ற மூட்டு. எந்த நிலத்தில் இந்த நடவு விளையும், எந்த நிலத்தில் விளையாது என்று அறிவதும் இந்த அறிவியலின் ஒரு பகுதியே. அதனை விளக்குகிறது இப்பாடம்.

வயலும் முழங்காலும்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில், குடமுருட்டி ஆற்றின் வளத்தால் செழிக்கும் ஊர் வலங்கைமான். திருவாரூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரான இவ்வூர், முன்னர்த் தஞ்சாவூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மேட்டூர் அணை திறந்து காவிரி நீர் கடைமடை நோக்கி வரும் காலத்தில் இவ்வட்டாரத்து வயல்கள் சேறும் நீருமாய் மாறும். குறுவை, சம்பா, தாளடி எனப் பருவங்கள் அடுத்தடுத்து வரும்.

நடவு எந்திரங்கள் இன்று பல வயல்களில் இறங்கிவிட்டன. எனினும், இப்பகுதியில் அறுபது வயதைக் கடந்த பெண்களுள் பலர், தம் இளமைக்காலம் முழுவதையும் நாற்றுப் பறித்தும் நட்டும் களையெடுத்தும் கதிரறுத்தும் கழித்தவர்கள். சேற்றில் புதைந்த காலை இழுத்து இழுத்து வைத்தும், குனிந்தும், குந்தியும் செய்த உழைப்பின் கணக்கு அவர்தம் முழங்காலில் எழுதப்பட்டிருக்கிறது. காலையில் எழுந்தவுடன் மூட்டு இறுகிக் கிடத்தல், மாடிப்படி ஏறுகையில் வலித்தல், தரையில் அமர்ந்தால் எழ இயலாமை, நடக்கையில் மூட்டு 'கறகற' என ஒலித்தல் ஆகியவற்றை அவர்கள் 'வயசுக் கோளாறு' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவர்.

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில் எடுக்கப்படும் பாடைக்காவடி பலரும் அறிந்தது. கொடிய நோயிலிருந்து மீண்டவர்கள், தம் நேர்த்திக்கடனைச் செலுத்தும்பொருட்டுப் பாடையில் படுத்து, உற்றார் தோளில் சுமக்கக் கோயிலை அடைவர். நோயினின்று மீள்வதை மறுபிறப்பாகவே கருதும் மக்களின் மனத்தை இவ்வழக்கம் காட்டுகிறது. மூட்டுத் தேய்மானம் உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆனால் நடையைப் பறிக்கும் நோய். வாய்க்கால் கரையில் நடந்து பழகிய ஒருவர், திண்ணையோடு முடங்கிப் போவது சிறிய இழப்பன்று. ஆதலால், 'தேய்ந்த மூட்டை மீண்டும் வளர்க்க முடியுமா?' என்னும் வினா, ஆய்வகத்து வினா மட்டுமன்று. அது வீட்டுத் திண்ணையிலிருந்து எழும் வினாவும் ஆகும்.

நோயின் பரப்பு

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 73 பேர் 55 வயதைக் கடந்தவர்கள். நூற்றுக்கு 60 பேர் பெண்கள். உடலில் மூட்டுகள் பல இருப்பினும், இந்நோய் மிகுதியாகத் தாக்குவது முழங்காலையே. உடலின் எடை முழுவதையும் தாங்கி, மடங்கியும் நிமிர்ந்தும் ஓயாது இயங்குவது அதுவன்றோ?

குருத்தெலும்பின் இயல்பு

முழங்கால் மூட்டில் மேலே தொடையெலும்பும், கீழே கணுக்கால் நோக்கிச் செல்லும் கீழ்க்கால் எலும்பும், முன்னே முழங்கால் சில்லும் கூடுகின்றன. எலும்போடு எலும்பு நேரே உரசினால் ஒருநாள்கூட நடக்க இயலாது. உரசாமல் காப்பது, எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. இளநீர் வழுக்கை போல வெண்மையும் வழுவழுப்பும் உடைய இப்போர்வையின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையே. நடக்கும்போது முழங்கால் மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை அழுத்துகிறது. அதனை இம்மெல்லிய போர்வை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தாங்குகிறது.

இவ்வலிமை எங்கிருந்து வருகிறது? குருத்தெலும்பின் பெரும்பகுதி நீர். அந்நீரைப் பிடித்து வைத்திருப்பவை புரதமும் சர்க்கரைக் கூறும் இணைந்த பெரு மூலக்கூறுகள். இவற்றைச் சிதறாமல் கட்டி வைத்திருப்பவை கொல்லாஜன் என்னும் புரத இழைகள். இவையனைத்தையும் உண்டாக்கிப் பேணும் தொழிலாளிகளே குருத்தெலும்பு உயிரணுக்கள். அவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. குருத்தெலும்பின் மொத்தக் கன அளவில் நூற்றில் ஓரிரு பங்கு மட்டுமே. பரந்த வயலில் அங்கொருவர் இங்கொருவராக நின்று உழைக்கும் உழவரைப்போல, அவை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே வாழ்கின்றன.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இது வரமும் ஆகும், சாபமும் ஆகும். நரம்பில்லாததால், நாம் நடக்கும் ஒவ்வோர் அடியும் வலியாக மாறுவதில்லை. ஆனால், அதே காரணத்தால் தேய்மானத்தின் தொடக்கமும் நமக்குத் தெரிவதில்லை. இரத்தக் குழாய் இல்லாததால், காயம்பட்ட இடத்திற்குப் பழுதுபார்க்கும் பொருள்களும் வந்து சேர்வதில்லை. தோல் கிழிந்தால் ஆறுகிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. குருத்தெலும்பு சிதைந்தால் சிதைந்ததே.

பின் அதற்கு உணவு எவ்வாறு கிடைக்கிறது? மூட்டினுள் சுரக்கும் உயவுநீரே அதன் வாய்க்கால். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியே விடுகிறது. காலை எடுக்கும்போது தளர்ந்து நீரை உள்ளே இழுக்கிறது. பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போன்ற இவ்வியக்கத்தால்தான் உயிரணுக்கள் ஊட்டம் பெறுகின்றன. எனவே, அளவான நடை மூட்டைத் தேய்ப்பதில்லை, மூட்டுக்கு உணவூட்டுகிறது. வலிக்குமென்று அஞ்சி அசையாதிருப்பவர், தம் மூட்டைப் பட்டினி போடுகின்றனர்.

குருத்தெலும்பு சிதைந்தால் மீள்வதில்லை என்பதை 1743ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்னும் பிரித்தானிய மருத்துவர் எழுதிவைத்தார். மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் ஆராய்ந்து அவர் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையை மருத்துவ உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. அவர் கண்ட உண்மையை மாற்ற இயலுமா என்னும் முயற்சி பலன் தரத் தொடங்க, அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் ஆயின.

தேய்மானம் எவ்வாறு நிகழ்கிறது?

'தேய்மானம்' என்னும் சொல், வண்டிச் சக்கரம் தேய்வதைப் போன்றதொரு காட்சியைத் தருகிறது. உண்மை அவ்வளவு எளிதன்று. மூட்டு உயிருள்ள உறுப்பு. முதுமை, மிகுந்த உடல் எடை, பழைய காயம், மரபு, நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் தொழில் ஆகியவை ஒன்றோடொன்று சேரும்போது, குருத்தெலும்பில் ஆக்கத்தைவிட அழிவு மிகுகிறது. முதலில் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. பின்னர்ப் பிளவுகள் தோன்றுகின்றன. இறுதியில் அடியெலும்பு வெளிப்படுகிறது. எலும்பின் ஓரங்களில் முள் போன்ற வளர்ச்சிகள் உண்டாகின்றன. மூட்டைச் சூழ்ந்த படலம் அழற்சி அடைகிறது. தொடைத் தசைகள் மெலிகின்றன. ஆகவே, மூட்டுத் தேய்மானம் குருத்தெலும்பின் நோய் மட்டுமன்று. மூட்டு முழுவதன் நோய்.

இதனின்று வேறுபட்டது, இளையோர்க்கு நேரும் குருத்தெலும்புக் காயம். கபடிக் களத்தில் முழங்கால் திருகிக்கொள்ளும் இளைஞருக்கோ, இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவருக்கோ, குருத்தெலும்பின் ஓரிடத்தில் மட்டும் நாணய அளவில் ஒரு துண்டு பெயர்ந்துவிடக்கூடும். சுற்றியுள்ள பகுதி நலமாகவே இருக்கும். முன்னது வயல் முழுதும் உவர் ஏறிய நிலை. பின்னது நல்ல வயலின் நடுவே ஒரு குழி. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தினால்தான், உயிரணு நடவு யாருக்குப் பயன்படும் என்பது விளங்கும்.

நாற்றங்காலும் நடவும்

சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க், ஆண்டர்ஸ் லிண்டால் முதலிய மருத்துவர்கள், முயல்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளை அடுத்து, 1987ஆம் ஆண்டில் மனிதரின் முழங்காலில் முதன்முறையாகக் குருத்தெலும்பு உயிரணு நடவைச் செய்தனர். அதன் படிநிலைகளை நெல் நடவோடு ஒப்பிட்டுக் காணலாம்.

முதலாவது, விதை எடுத்தல். மூட்டில் சிறு துளையிட்டு, அகநோக்கிக் கருவியைச் செலுத்தி, எடை தாங்காத ஓரப் பகுதியிலிருந்து சில நூறு மில்லிகிராம் எடையுள்ள குருத்தெலும்புத் துணுக்கை மருத்துவர் எடுக்கிறார். இது நோயாளியின் சொந்த விதை. ஆதலால் உடல் அதனை அயற்பொருள் என்று வெறுத்து ஒதுக்குவதில்லை.

இரண்டாவது, நாற்று வளர்த்தல். துணுக்கு ஆய்வகத்திற்குச் செல்கிறது. நொதிகளின் உதவியால் உயிரணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டு, ஊட்ட நீர்மத்தில், உடலின் வெப்பநிலையில், நுண்ணுயிர்த் தொற்று நேராதவாறு வளர்க்கப்படுகின்றன. சில இலட்சமாக இருந்தவை சில வாரங்களில் ஒரு கோடியை எட்டும் அளவுக்குப் பெருகுகின்றன.

மூன்றாவது, நடவு. இரண்டாம் அறுவைச் சிகிச்சையில் மூட்டைத் திறந்து, பழுதுற்ற பகுதியை விளிம்பு வரை தூய்மை செய்கின்றனர். தொடக்க முறையில், கீழ்க்கால் எலும்பின் மேலுறையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, அதனைக் குழியின்மேல் மெல்லிய நூலால் தைத்து, அதனடியில் உயிரணுக் கரைசலைச் செலுத்தினர். பின்னர், எலும்புறைக்கு மாற்றாகக் கொல்லாஜன் படலம் வந்தது. இன்றைய முறையில், உயிரணுக்களை ஆய்வகத்திலேயே கொல்லாஜன் படலத்தின்மீது வளரவிட்டு, குழியின் அளவுக்கு வெட்டி, உயிரியல் பசையால் ஒட்டிவிடுகின்றனர். பாய் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைச் சுருளாக எடுத்துச் சென்று எந்திரத்தால் நடும் முறையை இது நினைவூட்டும்.

நான்காவது, பயிர் காத்தல். நட்ட மறுநாளே எவரும் அறுவடை செய்வதில்லை. நோயாளி பல வாரங்கள் ஊன்றுகோல் துணையுடன், பழுதுபார்த்த காலில் முழு எடையையும் ஏற்றாமல் நடக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் காட்டும் பயிற்சிகளை நாள்தோறும் செய்ய வேண்டும். விளையாட்டுக் களத்திற்குத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆகும். நட்ட உயிரணுக்கள் புதிய குருத்தெலும்பை உருவாக்கி முதிர்வதற்கும் அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது.

கோதன்பர்க் மருத்துவர்கள் தம் முதல் முடிவுகளை 1994இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டனர். சிகிச்சை பெற்றவர் 23 பேர். 14 முதல் 48 வயது வரையுள்ளவர்கள். தொடையெலும்பின் முனையில் நடவு பெற்ற 16 பேருள் 14 பேர் நல்ல பயன் பெற்றனர். முழங்கால் சில்லில் நடவு பெற்ற 7 பேருள் இருவர் மட்டுமே அத்தகைய பயனை அடைந்தனர். விதை ஒன்றே, நட்ட கைகளும் அவையே, நிலம் வேறானபோது விளைச்சலும் வேறாயிற்று. வெற்றியை எழுதிய அதே கட்டுரையில் தோல்வியையும் மறைக்காமல் எழுதிய நேர்மையே, பின்வந்தோர் அம்முறையைத் திருத்திக்கொள்ள வழிகாட்டியது.

தெரிந்து தெளிவோம்

குருத்தெலும்பு உயிரணுக்களைத் தட்டையான கலத்தில் நெடுநாள் வளர்த்தால், அவை தம் இயல்பை மறந்து, வடுவை உண்டாக்கும் நார் உயிரணுக்களைப்போல் நடக்கத் தொடங்கும். முப்பரிமாணச் சூழலில் வைத்தால் தம் இயல்பைக் காத்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் நீர்மமாகவும் வெதுவெதுப்பான நிலையில் கூழாகவும் மாறும் சிறப்புப் பலபடிப் பொருள் ஒன்றில் இவ்வுயிரணுக்களை வளர்க்கும் ஆய்வில், சென்னையிலுள்ள நிச்சி-இன் மீளுருவாக்க மருத்துவ மையம் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து ஈடுபட்டுள்ளது.

வரப்பில்லா வயல்

நடவு வயலுக்கு வரப்பு வேண்டும். வரப்பில்லையேல் நீர் நில்லாது. உயிரணு நடவுக்கும் அவ்வாறே. பழுதுற்ற குழியைச் சுற்றி நலமான குருத்தெலும்பு வரப்பாக நின்றால்தான், நட்டவை அழுத்தத்தால் சிதறாமல் வேர்கொள்ளும். முதிர்ந்த மூட்டுத் தேய்மானத்தில் அவ்வரப்பே இல்லை. மேலும் அங்கு நிலவும் அழற்சி, நட்ட உயிரணுக்களையும் சிதைக்கும். வளைந்துபோன கால், கிழிந்த தசைநார் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் நடுவதும், வடிகால் அமைக்காமல் பள்ளக்காலில் நடுவதைப் போன்றதே.

இதனால்தான் உலக நாடுகள் இச்சிகிச்சையை வரையறையுடன் ஏற்றுள்ளன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வளர்த்த குருத்தெலும்பு உயிரணுக்களுக்கு 1997ஆம் ஆண்டிலும், அவற்றைக் கொல்லாஜன் படலத்தில் ஏற்றிய வடிவத்திற்கு 2016ஆம் ஆண்டிலும் ஒப்புதல் தந்தது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வு வழிகாட்டு நிறுவனம் 2017இல் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது, பழுதுற்ற பரப்பு 2 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருக்க வேண்டும், குருத்தெலும்பைச் சீரமைக்கும் அறுவை முன்னர்ச் செய்திருக்கக் கூடாது, மூட்டில் தேய்மானம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என நிபந்தனைகள் விதித்தது. தேய்மானத்தைத் தீர்க்கும் என்று பலரும் எண்ணும் சிகிச்சைக்கு, தேய்மானம் இல்லாமையே தகுதியாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

இதனோடு போட்டியிடும் எளிய முறை ஒன்றும் உண்டு. பழுதுற்ற இடத்தில் அடியெலும்பில் நுண்துளைகள் இட்டால், எலும்பு மச்சையிலிருந்து இரத்தமும் உயிரணுக்களும் கசிந்து குழியை நிரப்பும். அங்கு உருவாவது நார்த்தன்மை மிகுந்த குருத்தெலும்பு. இயல்பான குருத்தெலும்பின் உறுதி அதற்கில்லை. எனினும், நார்வே நாட்டில் 80 நோயாளிகளிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் உயிரணு நடவு மேம்பட்டதாகத் தெரியவில்லை. பரப்பு பெரிதாக உள்ள பழுதுகளில் படலவழி நடவு மேலான பயன் தந்ததாகப் பின்வந்த ஒப்பாய்வு காட்டியது. புதியது என்பதால் சிறந்தது என்றும், எளியது என்பதால் தாழ்ந்தது என்றும் கொள்ளாமல், ஒப்பிட்டு அளந்து முடிவு செய்வதே அறிவியல் நெறி.

இந்திய மண்ணில்

இந்தியாவில் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு உயிரணுக்களை வளர்த்து நடும் சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் கிடைத்தது. வேலூரில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்தும் குருத்தணு ஆய்வு மையம், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றின் மீளுருவாக்கத்தையும் ஆராய்கிறது. 

இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். குருத்தெலும்பு உயிரணு என்பது முதிர்ந்து தன் தொழிலை ஏற்றுவிட்ட உயிரணு. குருத்தணு என்பது எலும்பாகவோ கொழுப்பாகவோ குருத்தெலும்பாகவோ வளரும் வாய்ப்புள்ள இளம் உயிரணு. பெங்களூருவில் உருவாக்கப்பட்ட, பிறர் அளித்த எலும்பு மச்சையிலிருந்து பெறப்படும் குருத்தணு மருந்து ஒன்றுக்கு, முழங்கால் தேய்மானத்தில் பயன்படுத்த 2022இல் இந்தியாவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. இவ்விரண்டும் வேறு வேறு சிகிச்சைகள். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பிழை.

விளம்பரமும் விழிப்பும்

நோய் நீண்டால் நம்பிக்கை விலைபொருளாகிறது. 'அறுவை இல்லை; ஒரே ஊசி; மூட்டு முழுதும் புதிதாக வளரும்' என்னும் வகையிலான விளம்பரங்கள் பெருகியுள்ளன. ஒரு போக நெல் விற்ற பணத்தையும் நகையை அடகு வைத்த பணத்தையும் கொண்டு அவ்வூசியைத் தேடிச் செல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் ஏக்கம் பழிக்கத்தக்கதன்று. அவ்வேக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வதே பழிக்கத்தக்கது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், ஒப்புதல் பெறாத குருத்தணுப் பயன்பாடுகளைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது என்றும், முறைப்படி பதிவு செய்த மருத்துவ ஆய்வாக மட்டுமே அவற்றை மேற்கொள்ள வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆகவே, எந்தப் புதிய சிகிச்சையை எவர் பரிந்துரைத்தாலும், நோயாளியின் குடும்பம் சில வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். இச்சிகிச்சைக்கு அரசின் ஒப்புதல் உள்ளதா? இந்த நோயின் இந்த நிலைக்கு அது ஏற்றதா? இதே நிலையிலிருந்த எத்தனை பேர் பயன் பெற்றனர். எத்தனை பேர் பெறவில்லை? இதனைவிட எளிய வழி உண்டா? நேர்மையான மருத்துவர் இவ்வினாக்களை வரவேற்பார்.

மூட்டைப் பேணும் வழிகள்

அப்படியாயின், நடவு வயலில் தேய்ந்த முழங்காலுக்கு மருந்தே இல்லையா? உண்டு. அவை விளம்பரத்தில் ஒளிர்வதில்லை. ஆயினும் பயன் தருபவை. தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, அளவான நடை, உடல் எடையைக் குறைத்தல் ஆகியவை மூட்டுத் தேய்மான மருத்துவத்தின் அடித்தளங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என ஆய்வு காட்டுகிறது. ஊன்றுகோலைப் பிடிப்பது இழுக்கன்று. வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் அதனைப் பிடித்தால் மூட்டின் சுமை குறையும். தரையில் குந்துவதைத் தவிர்த்து நாற்காலியையும் உயரமான கழிப்பிட இருக்கையையும் பயன்படுத்துவதும் உதவும். வலி மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றித் தொடர்ந்து உட்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. நடக்க இயலாத முதியோர்க்கு இது பெருந்துணை. இவற்றையெல்லாம் கடந்து மூட்டு முற்றிலும் பழுதுற்றால், உலோகத்தாலும் உறுதியான நெகிழியாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. இவ்வாறு பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவை 15 முதல் 20 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. முதிர்ந்த தேய்மானத்திற்கு இன்றுள்ள உறுதியான தீர்வு அதுவே.

இளையோர்க்குக் கூறவேண்டியது வேறு. விளையாட்டில் முழங்கால் திருகி வீங்கினால், கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே களமிறங்குவது வீரமன்று. இளமையில் கவனிக்காமல் விட்ட காயமே, நாற்பது வயதில் தேய்மானமாக வந்து நிற்கிறது. குழி சிறிதாக இருக்கும்போதே காட்டினால், உயிரணு நடவு போன்ற முறைகளுக்கு இடமுண்டு. வயல் முழுதும் உவரேறியபின் அவ்வாய்ப்பு இல்லை. தலைக்கவசம் தலையைக் காப்பதுபோல, விளையாட்டுக்கு முன் செய்யும் உடல் தளர்வுப் பயிற்சியும் வலுவான தொடைத் தசையும் முழங்காலைக் காக்கும்.

நடவின் பாடம்

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என நான்கு கூறுகளாகப் பகுத்தார். குருத்தெலும்பு உயிரணு நடவில் இந்நான்கும் ஒருங்கே விளங்கக் காண்கிறோம். மருந்து நோயாளியின் உடலிலிருந்தே வருகிறது. மருத்துவர் அதனை வளர்த்து நடுகிறார். துணைசெய்பவர் மாதக்கணக்கில் உடனிருந்து நடக்கப் பழக்குகிறார். நோயாளியோ பொறுமை காக்கிறார். ஒன்று குறைந்தாலும் விளைச்சல் இல்லை.

வலங்கைமான் வயல்வெளியில் நடவு செய்த மூதாட்டி ஒருவரிடம், ஆய்வகத்தில் உயிரணுவை நாற்றாக வளர்த்து மூட்டில் நடுகிறார்கள் என்று கூறினால், அவர் வியப்படையார். 'எந்த நிலத்தில்? எந்தப் பருவத்தில்? தண்ணீர் நிற்குமா?' என்றே கேட்பார். ஆய்வாளர்கள் பல்லாண்டு உழைத்துக் கேட்கக் கற்றுக்கொண்ட வினாக்களும் அவையே. அவர்தம் முழங்காலுக்கு இந்த நடவு இன்று பயன்படாமற்போகலாம். ஆனால் அவர் பேரனின், பேத்தியின் முழங்கால் அவ்வாறு தேயாமல் காக்கும் அறிவு, இன்றே நம் கையில் இருக்கிறது.

கலைச்சொல் விளக்கம்

குருத்தெலும்பு – எலும்பு முனைகளைப் போர்த்தி, உராய்வைத் தடுக்கும் வழுவழுப்பான திசு.
உயவுநீர் – மூட்டினுள் சுரந்து, உராய்வைக் குறைத்துக் குருத்தெலும்புக்கு ஊட்டம் தரும் நீர்மம்.
அகநோக்கி – சிறு துளை வழியே உடலின் உட்பகுதியைக் காண உதவும் கருவி.
குருத்தணு – பலவகை உயிரணுக்களாக வளரும் வாய்ப்புள்ள இளம் உயிரணு.
எலும்பு மச்சை – எலும்பின் உட்குழிவில் உள்ள மென்மையான திசு.
அழற்சி – காயத்தாலோ நோயாலோ உடற்பகுதி சிவந்து, வீங்கி, வெம்மையுற்று வலித்தல்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உழவு, நெசவு, கட்டடப்பணி ஆகிய தொழில்களில் ஈடுபட்ட முதியோர் மூவரைச் சந்தித்து, அவர்தம் தொழில் மூட்டுகளை எவ்வாறு பாதித்துள்ளது என்று கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
2. நெல் நடவில் வழங்கும் சொற்களைத் (நாற்றங்கால், பரம்பு, வரப்பு, முடி, தாளடி போன்றவை) திரட்டி, பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.
3. நாளிதழில் வெளியான மருத்துவ விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனிடம் கேட்கவேண்டிய வினாக்களை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. குருத்தெலும்பு தானே ஆறாமைக்கு முதன்மைக் காரணம்
அ) அது மிக மெல்லியதாக இருத்தல் ஆ) அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமை இ) அதில் நீர் மிகுந்திருத்தல் ஈ) அது எலும்பை ஒட்டியிருத்தல்

2. குருத்தெலும்பு உயிரணு நடவு மனிதரிடம் முதன்முதலாகச் செய்யப்பட்ட ஆண்டு
அ) 1743 ஆ) 1987 இ) 1994 ஈ) 2016

3. பொருத்துக.
1) விதை – அ) பழுதைச் சூழ்ந்த நலமான குருத்தெலும்பு
2) நாற்றங்கால் – ஆ) இயன்முறைப் பயிற்சி
3) வரப்பு – இ) குருத்தெலும்புத் துணுக்கு
4) பயிர் காத்தல் – ஈ) ஆய்வகம்

குறுவினா

1. குருத்தெலும்பில் நரம்பு இல்லாமை வரமாகவும் சாபமாகவும் அமைவது எவ்வாறு?
2. 'அசையாதிருப்பவர் தம் மூட்டைப் பட்டினி போடுகின்றனர்' – விளக்குக.
3. ஒருவர் தம் உடல் எடையில் 5 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ எவ்வளவு குறையும்?

சிறுவினா

1. கோதன்பர்க் மருத்துவர்களின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரை உணர்த்தும் அறிவியல் நேர்மையை எடுத்துரைக்க.
2. இளையோரின் குருத்தெலும்புக் காயத்திற்கும் முதியோரின் மூட்டுத் தேய்மானத்திற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. புதிய சிகிச்சையை ஏற்கும் முன் கேட்கவேண்டிய வினாக்களைக் காரணத்துடன் எழுதுக.

நெடுவினா

1. குருத்தெலும்பு உயிரணு நடவின் படிநிலைகளை நெல் நடவுடன் ஒப்பிட்டு, அவ்வொப்புமை எங்கெங்குப் பொருந்துகிறது என விளக்குக.
2. 'நோய் நீண்டால் நம்பிக்கை விலைபொருளாகிறது' – இக்கூற்றை மையமாகக் கொண்டு, மருத்துவ விழிப்புணர்வின் தேவை குறித்துக் கட்டுரை வரைக.